ஆடு மயங்கும் நேரம்

வெண்ணாம்பள்ளியில் ஆடு அறுக்கிற ஆட்டுத்தொட்டிக்கு மயக்க மெஷின் வந்த வருஷத்திலிருந்துதான், உள்ளே ஒரு ஆடு சாயும்போதெல்லாம் வெளியே ஊர் முழுக்கக் கண் மூடிக்கொள்ளத் தொடங்கியது. யாரும் வேண்டுமென்று மூடவில்லை. மழை வந்தால் மண் நனைகிற மாதிரி, அங்கே ஆடு சாய்ந்தால் இங்கே இமைகள் இறங்கின, அது மயங்கிக் கிடந்து உயிர் அடங்குகிறவரை இறங்கியே இருந்தன, பிறகு தாமாக ஏறின.

மெஷின் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சுவரில் மாட்டிய சாம்பல் நிறப் பெட்டி, அதில் நடுங்கும் ஒரு முள், முள்ளை ஏற்றி இறக்க ஒரு திருகு, நீண்ட ஒயரின் நுனியில் கொல்லன் பட்டறை இடுக்கி போல இரண்டு கை. ஆட்டின் நெற்றிப்பொட்டு இரண்டையும் உப்புத் தண்ணீரில் நனைத்து இடுக்கியை வைத்தால் ஆட்டுக்கு நினைவு போய்விடும், கத்தி இறங்குவது அதற்குத் தெரியாது என்று மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரி சொன்னார். பள்ளிவாசல் பெரியவர்கள் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள்: கத்தி படுகிறபோது ஆட்டுக்கு உயிர் இருக்குமா? அதிகாரி ஒரு செம்மறியைச் சாய்க்கச் சொல்லி அறுக்காமல் விட்டுக் காட்டினார். அது கால்களை விறைத்து நீட்டிக் கிடந்தது, ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடிக்கிற நேரத்தில் தலையை உதறியது, எழுந்து நின்று அதிகாரியின் சட்டைப் பையிலிருந்த கைக்குட்டையை இழுத்தது. பெரியவர்கள் சிரித்துவிட்டார்கள். "உசுரு போவல, மயக்கந்தான்" என்று ஒத்துக்கொண்டு டீ குடித்துவிட்டுப் போனார்கள். அந்தச் செம்மறி கிடந்த நேரம் முழுக்க வெளியே கடைத்தெருவில் நின்றவர்கள் அத்தனை பேருக்கும் கண் மூடியிருந்தது. ஆனால் ஒவ்வொருவரும் அது தனக்கு மட்டும் வந்த கிறுகிறுப்பு என்று நினைத்து வெளியில் சொல்லவில்லை.

தொட்டியில் மூன்று வேலைகள் இருந்தன. இடுக்கி வைக்க ஒரு ஆள், அறுக்க ஹயாத் பாஷா, நடுவில் அமலோற்பவம். அவளுடைய வேலை, சாய்ந்த ஆட்டின் திறந்த கண்ணில் ஒரு விரலை மெல்ல வைத்துப் பார்ப்பது. இமை அசையாவிட்டால் ஆடு மயங்கிவிட்டது, அவள் "சரி" என்று சொல்ல வேண்டும். அசைந்தால் இன்னும் மயங்கவில்லை, "இல்ல" என்று சொல்லி நிறுத்த வேண்டும். பாஷா அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். அவள் சரி என்று சொல்லாமல் அவர் கத்தி இறங்காது. இப்படி ஒரு சொல்லுக்குச் சம்பளம் வாங்குகிற வேலை ஊரில் வேறு யாருக்கும் இல்லை என்று அமலுவின் கணவன் சவரிநாதன் கேலி செய்வான். "நான் வீட்ல ஆயிரம் தடவ சரி சொல்றேன், ஒருத்தனும் ஒண்ணும் தரமாட்டேன்றான்."

தொட்டிச் சுவருக்கு உள்ளே இருந்தவர்களுக்கு மட்டும் கண் மூடவில்லை. கத்தி பிடிக்கிறவருக்கும் விரல் வைக்கிறவளுக்கும் அது எப்படி முடியும் என்று ஊர் அதையும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டது. அதனால் அந்த இருட்டு எப்படியிருக்கும் என்பதை அமலு சவரிநாதனிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டாள்.

"ஒண்ணுமே இல்ல அமலு. பயமும் இல்ல, கனவும் இல்ல. யாரோ நம்மள அலமாரியில எடுத்து வெச்சிட்டு, கொஞ்ச நேரங்கழிச்சி எறக்கி வெச்சா மாதிரி."

அதைக் கேட்டபோது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அப்படியென்றால் ஆடுகளுக்கும் அவ்வளவுதான்.

ஊர் அதற்குப் பழகிக்கொண்டது, எல்லாவற்றுக்கும் பழகிக்கொள்கிற மாதிரியே, முதலில் திட்டி, பிறகு வழி செய்து, கடைசியில் அதில்லாமல் எப்படி இருந்தோம் என்பதை மறந்து. பேரூராட்சி ஒவ்வொரு ஆட்டுக்கும் முன்னால் மின்சாரச் சங்கு ஊத ஏற்பாடு செய்தது. பொத்தான் அமலுவின் தலைக்கு மேலேயே இருந்தது. சங்கு கேட்டதும் சலூன் அங்கமுத்து கத்தியைக் கன்னத்திலிருந்து எடுத்து மேலே தூக்கிக்கொண்டான், வடைக்கார சரோசா கரண்டியைச் சட்டியிலிருந்து எடுத்துவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்தாள், தாய்மார்கள் குழந்தைகளை மடியில் இறுக்கிக்கொண்டார்கள், சைக்கிள்கள் நின்றன, வெளியூர் லாரிகள் ஊர் எல்லை வளைவுக்கு அந்தப் பக்கமே வரிசையாகக் காத்திருந்தன. விடியலிலிருந்து வெயில் ஏறும்வரை ஆட்டுக்கு ஒரு முறை இருட்டு. வாரநாளில் கொஞ்சம், ஞாயிற்றுக்கிழமையில் நிறைய. அந்தோணியார் கோவில் தெருவில் அந்த நேரத்தைப் பரலோக மந்திரத்தால் அளந்தார்கள், பள்ளிவாசல் தெருவில் ஒரு சூரா ஓதுகிற நேரத்தால், மற்றவர்கள் சீனி கரைகிற நேரத்தால். சண்டை போடும் புருஷன் பெண்டாட்டிகள் இருட்டு வந்ததும் பாதி வசையில் நிறுத்திவிட்டு, கண் திறந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் மட்டும் பேரூராட்சிக்குப் போய்ச் சத்தம் போட்டார். "வெங்காயம்கூடத் தொடாதவன் நான். எவனோ திங்கற ஆட்டுக்கு நான் ஏன்யா கண்ண மூடணும்?"

தலைவியின் நாற்காலியில் உட்கார்ந்திருந்த தலைவியின் வீட்டுக்காரர் துளசிராமன் சொன்னார்: "சார், தெருவிளக்கு எரியுது, நீங்க ராத்திரி வெளிய வரதே இல்ல. வரி கட்றீங்கள்ல? அது மாதிரிதான் இதுவும்."

எல்லோருக்கும் பழகிய அந்த இருட்டு சவரிநாதனுக்கு மட்டும் பழகவே இல்லை. அவன் மினிபஸ் ஓட்டுகிறவன். வெண்ணாம்பள்ளியிலிருந்து ஜங்ஷனுக்கு விடியற்கால நடை அவனுடையது; தோல் கம்பெனிக்குப் போகிற பெண்கள், ரயிலைப் பிடிக்கிற காலேஜ் பிள்ளைகள், நிற்க இடமில்லாமல் ஏறுவார்கள். சங்கு ஊதினால் பிரேக்கை மிதித்து நிறுத்த வேண்டும், கண் திறந்ததும் எடுக்க வேண்டும், எடுத்து இரண்டாவது கியர் போடுவதற்குள் மறுபடி சங்கு. ஒரு நாள் சங்குச் சத்தம் பஸ்ஸின் பாட்டுச் சத்தத்தில் அவன் காதில் விழவில்லை. கண் மூடிய பஸ், கண் மூடிய ஆட்களோடு, கண் மூடிய தெருவில் போனது. எதுவும் ஆகவில்லை. கண் திறந்தபோது முன்சக்கரம் ஒரு கோலத்தின் மேல் நின்றிருந்தது, கோலம் போட்ட பெண் மாவுக் கிண்ணத்தோடு ஒரு கை தூரத்தில் குந்தியிருந்தாள். அன்றிலிருந்து அவனுக்குக் கை நடுங்கத் தொடங்கியது. சாப்பிடும்போது சோறு சிந்தியது. தூக்கத்தில் கால் பிரேக்கை மிதித்தது, அமலுவின் முழங்காலில் பட்டது.

"ஒரு நாள் நான் யாரையாவது கொன்னுடுவேன்" என்றான். "உங்க ஆடு நல்லா தூங்கும். நான்தான் தூங்கமாட்டேன்."

அந்தத் தீபாவளி விடியலில் தொட்டி வாசலிலிருந்து கடைத்தெரு வரைக்கும் ஆடுகள் நின்றன. ஊரிலுள்ள சீரியல் விளக்குகள், கிரைண்டர்கள், கோவில் ஸ்பீக்கர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தன. பெட்டியின் முள், ஏற வேண்டிய குறியில் பாதியைத் தாண்டவில்லை. அமலு சங்கை ஊதினாள். இடுக்கி வைத்தார்கள். ஆடு விறைத்து விழுந்தது. அவள் விரலை வைத்தாள்.

இமை அவள் விரலின் மேல் மூடியது. இளஞ்சூடாக, ஈரமாக, மிகவும் மெல்ல.

அவள் "இல்ல" என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் மின்சாரம் ஏறும்வரை காத்திருக்க வேண்டும், ஏறுமா என்று யாருக்கும் தெரியாது. வாசலில் துளசிராமன், "இன்னாம்மா, அடுத்த தீவாளிக்கா கறி குடுப்பீங்க?" என்று கத்திக்கொண்டிருந்தார். பாஷா கத்தியோடு அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி" என்றாள் அமலு.

கத்தி இறங்கியது. ஆடு உதைத்தது, உதைக்கக்கூடாத விதத்தில் உதைத்தது. பாஷா தலையைத் தூக்கி அவளை ஒரு முறை பார்த்தார். பிறகு அடுத்த ஆடு வந்தது.

வெளியே ஊர், சங்கு கேட்டுக் கண்ணை மூடிக் காத்திருந்தது. இருட்டு வரவில்லை, இமைக்குப் பின்னால் இருந்தது வெறும் சிவப்பு. முதலில் கண்ணைத் திறந்தவள் வடைக்கார சரோசா. எண்ணெயில் வடை பொன்னிறமாக மிதப்பதைப் பார்த்து, "ஏ, எனக்குத் தெரியுதுடி!" என்று கூவினாள். அடுத்த சங்குக்கும் இருட்டு வரவில்லை, அதற்கடுத்ததற்கும் வரவில்லை. சாபம் போய்விட்டது என்று ஊர் முடிவு செய்தது. மாரியம்மன் கோவிலில் கூழ் ஊற்றியதால் போனது என்றார்கள் ஒரு தெருவில். இல்லை, அந்தோணியாருக்கு வைத்த நவநாளால் என்றார்கள் அடுத்த தெருவில். தர்காவில் சந்தனம் பூசியதால் என்றார்கள் மூன்றாவது தெருவில். மூன்று தெருவும் ஒன்றுக்கொன்று இனிப்பு கொடுத்துக்கொண்டன.

சவரிநாதன் அன்று வளைவிலிருந்து ஜங்ஷன் வரைக்கும் ஒரு இடத்தில்கூடப் பஸ்ஸை நிறுத்தவில்லை. வீட்டுக்கு வந்து, குளித்து ஈரத்தலையோடு நின்றிருந்த அமலுவின் வாயில் அதிரசத்தைத் திணித்துவிட்டு, இரண்டு கைகளையும் அவள் முகத்துக்கு முன்னால் நீட்டினான்.

"பாரு அமலு. நடுங்கல பாரு."

நடுங்கவில்லை. அவள் வாயில் அதிரசத்தோடு அந்தக் கைகளைப் பார்த்தாள்.

மறுநாள் விடியலில் மின்சாரத்துக்கு ஒரு குறையும் இல்லை. முள் தானாகவே குறிவரைக்கும் ஏறி நின்றது. அமலு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு, ஆட்டின் கண்ணில் வைக்கிற அதே விரலாலும் கட்டைவிரலாலும் திருகைப் பிடித்து, பாதிக்கு இறக்கினாள். இடுக்கி வைக்கிற ஆள் சுவரைப் பார்த்துக்கொண்டான். சங்கு ஊத அவள் கை மேலே போகவில்லை.

அதன்பிறகு ஊரில் கறி வேகவில்லை.

குக்கர் எத்தனை விசில் விட்டாலும் கறி கறுத்துச் சுருங்கி, செருப்புத் தோல் மாதிரி நின்றது. பயந்து செத்த ஆட்டின் கறி அப்படித்தான் இருக்கும் என்பது அந்த ஊரில் தெரியாதவர்கள் இல்லை; ஆனால் யாரும் அதைச் சொல்லவில்லை. பெண்கள் கறியில் பப்பாளிக்காய்த் துண்டு போட ஆரம்பித்தார்கள். காய்கறிக் கடைகளில் பப்பாளிக்காய் தக்காளிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. கறிக்கடையிலேயே கேட்காமல் பையில் ஒரு துண்டு போட்டுக் கொடுத்தார்கள், கறிவேப்பிலை கொசுறு போடுகிற மாதிரி. ஆடு நன்றாக மயங்கினால்தான் இருட்டு வரும், இருட்டு வரவில்லை, கறியும் வேகவில்லை: இந்த மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க அதிகம் படித்திருக்க வேண்டியதில்லை. எல்லோரும் வைத்துப் பார்த்தார்கள். எல்லோரும் பப்பாளி வாங்கினார்கள். தெருவில் அமலு வந்தால் முன்பைவிடக் கனிவாகப் பேசினார்கள். சரோசா காசு வாங்காமல் இரண்டு வடையை இலையில் சுற்றிக் கொடுத்து, "சாப்பிடு கண்ணு, நீ நல்லா இருக்கணும்" என்றாள். அமலு அதை வாங்கிக்கொண்டாள். மறுக்கிற தைரியம் அவளுக்கு இல்லை.

விரலில்தான் அவளுக்குத் தொல்லை. சோப்பு போட்டாள், புளி போட்டுத் தேய்த்தாள். சோறு பிசையும்போதும் ஜெபமாலை உருட்டும்போதும் அந்த ஒரு விரலின் நுனியில் ஏதோ மூடித் திறந்துகொண்டேயிருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பாதி வேலையில் ஹயாத் பாஷா கத்தியைக் கழுவினார், துடைத்தார், துணியில் சுற்றினார், கல்மேடையில் உட்கார்ந்துவிட்டார்.

"பாய், இன்னா உக்காந்துட்டீங்க?" என்றாள் அமலு, தெரியாதவள் போல.

"எங்கப்பா காலத்துல மெஷின் இல்லம்மா. ஆட்டுக்குத் தண்ணி காட்டுவாரு. தடவிக் குடுப்பாரு. ஒரு ஆட்ட அறுக்கறது இன்னொரு ஆட்டு கண்ணுல படாது. கத்தி படறதே அதுக்குத் தெரியாத மாதிரி ஒரே இழுப்பு, அல்லா பேரச் சொல்லி. அது ஒரு வழி. மெஷின் வந்துச்சு, நல்லா மயங்குச்சு. அதுவும் ஒரு வழி. இப்ப நீ பண்றது எந்த வழிம்மா? பாதி ஷாக்கு. அதுக்கு ஒடம்பு பூரா நெருப்பு ஓடுது, ஆனா எழுந்து ஓட முடியல, எல்லாம் தெரியுது. நான் ஒன் வாயப் பாத்து அறுக்கறேன். ஒன் வாயி பொய் சொல்லுது." அவர் குரலை உயர்த்தவில்லை. "இத்தினி நாளா நானும் தெரிஞ்சேதான் அறுத்தேன். எனக்கும் ஊர்ல கண்ணு தெறந்து நடக்கப் புடிச்சிருந்துச்சு. அதான் பேசாம இருந்தேன்."

வேலை நின்றது தெரிந்ததும் வாசலில் பைகளோடு நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். துளசிராமன் வந்தார். அவரோடு அங்கமுத்து வந்தான், சரோசா கரண்டியைக் கையில் பிடித்தபடியே வந்தாள், இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். அமலு கேட்கும் பேச்சு அவளுடைய வீட்டுக்காரனுடையதாகத்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டு, துளசிராமன் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி சவரிநாதனையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"பாய், மெஷின் இல்லாமயே அறுத்தவரு நீங்க. இப்ப என்ன புதுசா?"

"அப்ப மெஷினக் கழட்டிட்டுப் போங்க. எங்கப்பா மாதிரி அறுக்கறேன்."

"கழட்டினா கறிக்கு முத்திரை குத்தமாட்டாங்க. முத்திரை இல்லாத கறிய ஓட்டல்காரன் வாங்கமாட்டான்."

"அப்ப முழுசா ஏத்துங்க."

துளசிராமன் பெட்டியின் முள்ளைப் பார்த்தார். ஏற்றினால் என்ன வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் அமலுவின் பக்கம் திரும்பி, கெஞ்சுகிற மாதிரி, "ஒரு வார்த்ததானேம்மா" என்றார். "ஒரே ஒரு வார்த்த. நீ சொன்னா பாய் அறுத்துடுவாரு."

அமலு கூட்டத்தில் பேசிப் பழகாதவள்.

"நான் சொல்லமாட்டேன். நீங்க யாராவது தொட்டுப் பாத்து சொல்லுங்க."

இடுக்கி வைக்கிற ஆள் பழக்கத்தில் அடுத்த ஆட்டைச் சாய்த்துவிட்டிருந்தான். முள் பாதியில் நின்றது. கறுப்பு வெள்ளாடு, காதில் ஒரு வெள்ளைத் திட்டு, கால்கள் விறைத்து அந்த ஆளின் பிடியில் கிடந்தது. துளசிராமன் அங்கமுத்துவைப் பார்த்தார்.

"நானா? நான் சவரம் பண்ற கைய்யி, சாமி" என்று அவன் பின்வாங்கினான்.

"எனக்கு எண்ணெக் கையி" என்றாள் சரோசா.

"தலைவரு நீங்கதானே, நீங்க தொடுங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"தலைவரு எம் பொண்டாட்டி" என்றார் துளசிராமன் அவசரமாக. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பார்கள்.

சவரிநாதன் முன்னால் வந்தான். இவர்களை அனுப்பிவிட்டு, மனைவியை வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பதுதான் அவன் நினைப்பு. "தள்ளு அமலு, இதுல இன்னா இருக்குது" என்று குந்தி உட்கார்ந்து, ஸ்டியரிங் பிடிக்கிற அந்தப் பெரிய கையை நீட்டி, ஒரு விரலை ஆட்டின் கண்ணில் வைத்தான்.

இமை அவன் விரலின் மேல் மூடியது. பிறகு திறந்தது. திறந்து அவனைப் பார்த்தது.

அவன் கையை எடுக்கவில்லை. எல்லோரும் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆடும் மயங்கவில்லை, நின்றதும் தொட்டிச் சுவருக்குள்; ஒருவருக்கும் கண் மூடவில்லை. ஆட்டின் விலா ஏறி இறங்குவதை, தொண்டை விழுங்குவதை, எல்லோரும் பார்க்க வேண்டியிருந்தது. அவன் தலையைத் திருப்பாமலே கேட்டான்.

"எப்பலேர்ந்து?"

"தீவாளிலேர்ந்து" என்றாள்.

அவன் தன் இரண்டு கைகளையும் பார்த்தான். அவள் எதற்காகச் செய்தாள் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"இல்ல" என்றான் சவரிநாதன், பாஷாவைப் பார்த்து.

அமலு எழுந்து பெட்டியிடம் போனாள். திருகை முழுக்க ஏற்றினாள். முள் குறியில் போய் நின்று நடுங்கியது. இத்தனை நாள் தொடாத சங்கின் பொத்தானை அழுத்தினாள். தெருவில் எதுவோ தடதடவென்று விழுந்தது, யாரோ அவள் பெயரைச் சொல்லி அசிங்கமாகத் திட்டினார்கள், பஸ்ஸில் காத்திருந்த பெண்கள் ஐயோ என்றார்கள்.

அப்போது உள்ளே இருந்தவர்கள் ஓடினார்கள். முதலில் துளசிராமன், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. அவருக்குப் பின்னால் அங்கமுத்து, கரண்டியோடு சரோசா, மற்றவர்கள். ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு, குறுகலான அந்த வாசலில் நெருக்கியடித்து, எந்த இருட்டை இத்தனை நாள் சபித்தார்களோ அதே இருட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று, இடுக்கி ஆட்டின் நெற்றியைத் தொடுவதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும் என்று ஓடினார்கள். ஓடியவர்கள் வாசல் தாண்டினார்கள். இடுக்கி பட்டது. பாஷா கத்தியின் துணியைப் பிரித்தார். வாசல் வழியாக அமலுவுக்குத் தெரு தெரிந்தது: பைகளையும் தூக்குச்சட்டிகளையும் பிடித்தபடி, முகத்தைச் சற்றே தூக்கி, ஊர் முழுக்கக் கண் மூடி நின்றது. தெரியாத ஊர்க்காரன் பார்த்தால் ஏதோ வேண்டுதல் என்று நினைப்பான்.

அவள் விரலை வைத்தாள். இமை அசையவில்லை.

"சரி" என்றாள்.

சவரிநாதன் ஓடவில்லை. குந்திய இடத்திலேயே, ஆட்டின் பின்னங்கால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, முழுக்கக் கண் திறந்து உட்கார்ந்திருந்தான். கை நடுங்கியது. அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் அவனைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

வெளியே இருட்டிலிருந்து சரோசாவின் குரல் வந்தது. எப்போதும் போல அன்பாகத்தான் இருந்தது.

"முடிஞ்சிடுச்சா கண்ணு?"

இரத்தம் வாய்க்காலில் ஓடி அடங்கிக்கொண்டிருந்தது. இதற்கு முன்னால் அவள் பொய்யாகச் சரி சொன்ன ஆடுகள் ஒவ்வொன்றாக அவள் விரல் நுனியில் இமைத்தன.

"இன்னும் இல்லக்கா" என்றாள் அமலோற்பவம்.